தாரா பிரசாத் கொடுத்த விலை

2025 பெப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில், பெண்களுக்கான பிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் தாரா பிரசாத் எட்டாம் இடம் பெற்றார். அவர் அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே சறுக்கப் பழகியவர்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியாவுக்காக ஆட முடியாது. ஆகவே தாரா அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிட்டு இந்தியரானார். 2022, 2023இல் தேசிய சாம்பியன் ஆனார். 2026 மிலான் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை.

வரவு செலவு மட்டும் பார்த்தால் இது நட்டம். ஆனால் இரண்டு நாடுகள் கதவைத் திறந்து வைத்ததால்தான் அவரால் ஒன்றைத் தெரிவுசெய்ய முடிந்தது. கடவுச்சீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

பிளாட் புஷ்ஷுக்குப் பக்கத்தில், பொட்டனியில் ஐஸ் சறுக்குத் தளம் இருக்கிறது. நியூசிலாந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கையும் விண்ணப்பித்தால் கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகள் தாரா கொடுத்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. நாளை ஒரு பிள்ளை, எந்த விளையாட்டிலாவது, இலங்கைக் கொடியின் கீழ் ஆடக் கேட்டால்தான் வீட்டில் சண்டை வரும். துரோகம் என்ற சொல்லும் வரும். எங்கள் காயத்தைப் பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பை மட்டும் நாங்கள் எழுதக்கூடாது. எங்களுக்குக் கிடைக்காத தெரிவு, அவர்களுக்காவது கிடைக்கட்டும்.