மெகாபிக்சல் போதும், லென்ஸ் கதவைத் திறங்க!

அடுத்த மிரர்லெஸ் கேமராவில் என்ன வேணும்? மெகாபிக்சல் இல்லைங்க. கல்யாண ஆல்பத்துக்கு 24 மெகாபிக்சலே தாராளம். பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நல்லதுதான். ஆனால் உண்மையில் பர்ஸைக் கடிப்பது லென்ஸ்.

சோனி 2011-லேயே தன் இ-மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால்தான் சிக்மா, டாம்ரான் என்று குறைந்த விலையில் இத்தனை லென்ஸ்கள். கேனான் 2018-ல் கொண்டுவந்த ஆர்எஃப் மவுன்ட் கதையே வேறு. காப்புரிமை மீறல் என்று கேனான் சொன்னதும், 2022-ல் வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை விற்பதை நிறுத்தியது. 2024-ல் சிக்மா, டாம்ரானுக்கு அனுமதி கிடைத்தது. சந்தோஷப்படுவதற்குள் பார்த்தால், அறிவித்ததெல்லாம் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள். ஃபுல் ஃப்ரேம்காரர்களுக்குப் பட்டை நாமம்!

பழைய இஎஃப் லென்ஸை அடாப்டரில் மாட்டி ஓட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனா எடை குறையும்னு நம்பி மிரர்லெஸ்ஸுக்கு மாறினவர் கழுத்தில் அதே பாரம்தான்.

தன் ஆராய்ச்சிக்குச் செலவழித்த நிறுவனம் காசு பார்க்க நினைப்பது தப்பில்லை. லைசென்ஸ் கட்டணம் வாங்கிட்டுத் திறக்கட்டுமே! பாடியை நாலைந்து வருஷத்தில் மாற்றிவிடுவோம், லென்ஸ் பத்து வருஷம் கூட வரும். இஎம்ஐ-யில் கேமரா வாங்கப் போறீங்களா? அந்த மவுன்ட்டுக்கு என்னென்ன லென்ஸ், என்ன விலைன்னு முதல்ல பாருங்க. பாடியை அப்புறம் பார்த்துக்கலாம்.