நாய்க்கும் பேர் இருக்கு கல்லுல

எங்க ஊர் விவசாயிகள் சங்கத்துல இப்ப ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. சங்கம் ஆரம்பிச்சதுல இருந்து இறந்துபோன உறுப்பினர்கள் பேரை ஒரு கல்லுல வெட்டி வைக்கலாமா, வேண்டாமா? "செத்தவங்க பேரை வெச்சு என்ன பண்றது, அந்தக் காசுல ரெண்டு ஸ்ப்ரேயர் வாங்கலாம்"னு ஒரு கட்சி. வைக்கணும்ங்கறது என் கட்சி. ஆனா உறுப்பினர் பேர் மட்டும் போதாது, அவங்க வீட்டாள் பேரும் வரணும். ஏன்னு சொல்றேன்.

கல் நடறது நமக்குப் புதுசு இல்ல. கல்லைத் தேடிப் பாக்கறதுல இருந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்தற வரைக்கும் தொல்காப்பியமே முறை சொல்லியிருக்கு. எங்க சேர்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் பக்கம் எடுத்தனூர்ல மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. கள்ளர்களை எதிர்த்து நின்ன ஒரு நாயையும் அதுல செதுக்கி, அதோட பேர் கோவிவன்னு எழுதி வெச்சிருக்காங்க. ஏறக்குறைய 1,400 வருஷம் ஆச்சு. நாய் பேர் நிக்குது.

ஏற்காட்டுக்கு வாங்க. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இங்க காபியைக் கொண்டுவந்தார்னு நீங்க டூர் வரும்போது யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அந்தச் செடிக்குக் குழி வெட்டினவங்கள்ல ஒருத்தர் பேர் சொல்லுங்க பாப்போம்.

1942-43ல ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுது. மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து தமிழ் ஆளுங்களை ஆயிரக்கணக்குல கொண்டுபோனாங்க. காலராவுலயும் பசியிலயும் கொத்துக்கொத்தா செத்தாங்க. இன்னிக்கு காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 போர்க் கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கு, பெரும்பாலும் பேரோட. தமிழாளுங்க எத்தனை பேர் செத்தாங்கன்னு கணக்கே முடிவாகல. வெள்ளைக்காரன் மேல எனக்குப் பொறாமை இல்லைங்க. அவங்க பட்டியல் எழுதி வெச்சாங்க. கூலிக்காரனுக்கு எழுத ஆள் இல்ல, அவ்வளவுதான்.

அதே போர்லதான் 1945ல ஒகினாவாங்கற தீவுல மூணு மாசம் சண்டை நடந்துச்சு. 50 வருஷம் கழிச்சு, 1995 ஜூன் 23 அன்னிக்கு, அங்க ஒரு நினைவுக் கல்வரிசையைத் திறந்தாங்க. தீவுக்காரங்க, ஜப்பான் சிப்பாய், சண்டை போட வந்த அமெரிக்க சிப்பாய், எல்லார் பேரும் அதுல இருக்கு. 2,40,000 பேருக்கு மேல. புதுசா பேர் தெரிய வந்தா இன்னும் சேத்துக்கிட்டே இருக்காங்க. பேர் தெரியாத கைக்குழந்தைக்கு "இன்னாரோட பிள்ளை"ன்னாவது வெட்டியிருக்காங்க. "எல்லார் பேருக்கும் எங்க போறது"ன்னு சங்கத்துல கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

வீட்டாள் பேர் ஏன் வேணும்னா, சங்கத்துல சேரப் பட்டா வேணும். பட்டா ஆம்பளை பேர்ல. ஆனா காபிப் பழம் பறிச்சது, களை எடுத்தது, மிளகு காய வெச்சது எல்லாம் பொம்பளைங்க. சங்கப் பதிவேட்டுல அவங்க ஒருத்தர்கூட இல்ல. ரேஷன் கார்டுல இருந்த பேரையும் செத்தவுடனே நீக்கிடறோம். பேரன் தலையெடுக்கறப்போ "எங்க ஆயா"ன்னு ஒரு சொல்லு மட்டும்தான் மிச்சம். உறுப்பினர் பேர் மட்டும் வெட்டினா, பாதித் தோட்டத்தை யாருமே உழைக்காத மாதிரி ஆயிடும்.

ஸ்ப்ரேயர் வேண்டாம்னு நான் சொல்லல. அடுத்த வருஷமும் வாங்கிக்கலாம். ஆனா பழைய பேருங்க தெரிஞ்ச கிழவங்க எங்க ஊர்ல நாலஞ்சு பேர்தான் இருக்காங்க. அடுத்த வருஷம் எத்தனை பேர் இருப்பாங்க? அதனால கல் மெதுவா வரட்டும், முதல்ல ஒரு நோட்டுப் போடுவோம்னு கூட்டத்துல சொல்லியிருக்கேன். பழப் பறிப்பு முடிஞ்சதும் முடிவு பண்றதா இருக்காங்க.

பட்டணத்துல இருக்கற நீங்களும் ஒண்ணு செய்யுங்க. உங்க தாத்தாவைப் பெத்த அம்மா பேர் தெரியுமா? தெரியலைன்னா, ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கு இன்னிக்கே போன் போட்டுக் கேட்டு எழுதி வைங்க.