ஆராய்ச்சி மணியை அடித்த பறவை

இயக்குநர் ஷங்கரின் ‘2.0’ திரைப்படம் 2018-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் வெளிவந்தது. சென்னை மக்களின் கைகளிலிருந்து கைப்பேசிகள் திடீரெனப் பறந்து மறைகின்றன. பின்னர் அவை ஒன்றுதிரண்டு, வானை மறைக்கும் இராட்சதப் பறவையாக உருவெடுக்கின்றன. அப்பறவைக்குள் இருப்பவர் பட்சிராஜன் என்னும் பறவையியல் அறிஞர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று அவர் வாயில்தோறும் சென்று முறையிட்டார். எவரும் செவிசாய்க்கவில்லை. உயிர் துறந்த பின்னர், கேட்க மறுத்த உலகை ஒறுக்கப் பேருருக் கொண்டு வந்தார் என்பது கதை.

தில்லித் திரையரங்குகளிலும் இப்படம் ஓடியது. ரஜினிகாந்த் நடித்த சிட்டி என்னும் எந்திர மனிதன் வெல்லும்போது ரசிகர் ஆரவாரம் செய்கிறார். ஆயினும், அரங்கை விட்டு வெளியே வரும்போது அவர் மனம் தோற்ற பறவையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. தம் கையிலுள்ள கைப்பேசியைச் சற்றே ஐயத்துடன் பார்க்கிறார். “சிட்டுக்குருவிகளைக் கொன்றவை இந்தக் கோபுரங்களே” என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அவருடைய இரக்கம் போற்றத்தக்கது. ஆனால், இரக்கத்தோடு தீர்ப்பையும் சேர்த்து எடுத்துச் செல்வது முறையன்று. இராட்சத உயிரின்பால் உண்மையான அன்பு கொண்டவர், அதன் முறையீட்டை ஆராய்ந்து பார்க்கவும் கடமைப்பட்டவர் ஆவார்.

பேருருக்கள் பிறக்கும் காரணம்

திரையில் தோன்றும் பேருருக்கள் பெரும்பாலும் காரணமின்றிப் பிறப்பதில்லை. 1954-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலிலுள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் படிந்தது. அதிலிருந்த 23 மீனவர்களும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டிலேயே மாண்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘காட்ஸில்லா’ ஜப்பானில் வெளிவந்தது. அணுகுண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுப்பப்பட்ட அவ்விலங்கு தோக்கியோ நகரைச் சிதைத்தது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து 9 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால் ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு அது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. அவ்விலங்கு சுமந்துவந்த குற்றச்சாட்டு உண்மையானது. குற்றவாளியும் ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டவரே.

ஷங்கரின் பறவையும் இவ்வழியில் வந்ததே. அதன் உடல் முழுவதும் நம் கைகளில் இருந்த பொருள்களால் ஆனது என்பது கற்பனையின் சிறப்பாகும். ஆனால், காட்ஸில்லாவின் வழக்குக்கும் இப்பறவையின் வழக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நகரங்களில் பறவைகள் குறைந்துவருகின்றன என்னும் முறையீடு உண்மையானது. கொன்றவர் யார் என்பதோ இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

மணி ஒலித்த பின்

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி ஒன்றைக் கட்டியிருந்தான். கன்றை இழந்த பசு அதை அடித்தது. ஒலி கேட்ட மன்னன் உடனே எவரையும் தண்டித்துவிடவில்லை. நிகழ்ந்தது யாது என்று அமைச்சரிடம் வினவினான்; தேர்க்காலில் கன்று சிக்கியதை அறிந்தான்; தேரைச் செலுத்தியவன் தன் மகனே என்று தெளிந்தான்; அதன் பின்னரே தீர்ப்பளித்தான். அம்மணிக்கு ‘ஆராய்ச்சி மணி’ என்று பெயர் வழங்குவது பொருத்தமே. பசுவின் பணி மணியை அடிப்பது. ஆராய்வது கேட்டவரின் பணி.

‘2.0’ படத்தின் மணியோசை தில்லியிலும் கேட்டது. புதுதில்லியில் தலைமையகம் கொண்ட கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம், இப்படம் அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. படம் வெளிவருவதற்கு முன்னரே இம்முறையீடு எழுந்தது. கோபுரங்களே குற்றவாளி என்று ரசிகர் முடிவு செய்வது ஆராய்ச்சி ஆகாததுபோலவே, மணியின் நாவைக் கட்ட முயல்வதும் ஆராய்ச்சி ஆகாது.

சான்றுகள் கூறுவன

தில்லி அரசு 2012-ஆம் ஆண்டில் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. 2020-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், தில்லி, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் தெரிவித்தது. கோபுரக் கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும் அது கூறியது. குஞ்சுகளுக்கு ஊட்டப் போதிய பூச்சிகள் இல்லாமை, கூடு கட்ட இடமில்லாத புதுவகைக் கட்டடங்கள் ஆகியவற்றையே அறிஞர் பலர் சுட்டுகின்றனர்.

இதனால் ஆய்வு முடிந்துவிட்டது என்று பொருளன்று. கோபுரங்கள் பறவைகளையும் தேனீக்களையும் பாதிக்கின்றனவா என்று அறிய 2010-இல் மத்திய அரசே வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு 2012 செப்டம்பர் முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. முன்னெச்சரிக்கை வேறு, குற்றத்தை மெய்ப்பித்தல் வேறு.

‘பிழையான காரணமாயினும் மக்கள் பறவைகளை நினைத்தார்கள் அல்லவா? ஒரு திரைப்படத்துக்கு இது போதாதா?’ என்று சிலர் வினவலாம். திரைப்படத்துக்கு அது போதும், பறவைகளுக்குப் போதாது. நாளையே கோபுரங்கள் அனைத்தையும் அகற்றினாலும், பூச்சிகள் இல்லாத நகரில் குஞ்சுகள் பசியால் மடியும். தவறான குற்றவாளியைப் பிடித்தால் உண்மையான குற்றவாளி தப்பிவிடுவான்.

இதைப் பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறு தெளிவாக உணர்த்தும். ஒரு காலத்தில் தில்லியின் மரங்களில் அவை மிகுதியாகக் கூடு கட்டி வாழ்ந்தன. 1990-களில் இந்தியா முழுவதும் அவை கூட்டங்கூட்டமாக மறைந்தன. சில இனங்கள் நூற்றுக்கு மூன்றுகூட எஞ்சவில்லை. ஏதோ ஒரு தொற்றுநோயே காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. ஆய்வாளர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2006-இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. தொற்றுநோய் என்னும் முதல் ஐயத்தையே முடிவாகக் கொண்டிருந்தால், நஞ்சு ஊட்டப்படுவது தொடர்ந்திருக்கும். எஞ்சிய சில கழுகுகளும் அழிந்திருக்கக்கூடும்.

கையில் உள்ள நூல்

தில்லி ரசிகர் தாமே செய்யத்தக்க ஆராய்ச்சியும் உண்டு. ஆண்டுதோறும் விடுதலை நாளையொட்டித் தில்லியின் வானம் பட்டங்களால் நிறைகிறது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் பருந்துகளின் சிறகுகளையும் புறாக்களின் கழுத்தையும் அறுக்கிறது. செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்திலுள்ள பறவை மருத்துவமனைக்கு அந்நாள்களில் காயமுற்ற பறவைகள் மிகுதியாகக் கொண்டுவரப்படுகின்றன. நைலான் நூலையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் தில்லி அரசு 2017 ஜனவரியில் தடை செய்தது. எனினும் அவற்றின் பயன்பாடு முற்றிலும் ஒழியவில்லை.

இவ்வழக்கில் சான்றுக்குக் குறைவில்லை. நூலே சிறகில் சிக்கிக் கிடக்கிறது. மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி அவன் வீட்டுக்குள்ளேயே சென்று முடிந்தது. பறவையின் முறையீட்டை ஆராயும் தில்லி ரசிகரும் சில வேளைகளில் தம் வீட்டு மொட்டைமாடிக்கே வந்து சேர நேரிடும். தொலைவிலுள்ள கோபுரத்தைப் பழிப்பதைக் காட்டிலும் அது கடினமானது. திரையில் தோற்ற பறவைக்காக வருந்திய ரசிகர், அடுத்த ஆகஸ்டு மாதத்தில் பருத்தி நூலில் பட்டம் விடுவாராயின், பட்சிராஜனின் முறையீட்டை ஒருவரேனும் செவிமடுத்தார் என்று கொள்ளலாம்.