தையல் மெசினை மேலே கொண்டு வாருங்கள்

டென்மார்க்கில் எங்கட ஆக்களின் வீடுகளில் பாவிக்காமல் கிடக்கிற சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், முதலாமிடம் தையல் மெசினுக்குத்தான். ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கினது. இப்ப நிலவறையில் குளிர்கால ரயர்களுக்குப் பக்கத்தில் பழைய வேட்டியால் மூடிக் கிடக்கிறது. அதே வீட்டுக்காரர்தான் சாமத்தியவீட்டுச் சாறிக்கு பிளவுஸ் தைக்கவேண்டுமென்று, ஊருக்குப் போகிற யாரிடமோ துணியையும் அளவுச்சட்டையையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். வந்து சேர்கிற பிளவுஸின் கை இறுக்கம், கழுத்து அகலம். பிறகென்ன, ஊசிகளால் குத்தி, படம் எடுத்து முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

உணவகத்துக் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவனுக்கு ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். நான் தைக்கிறவன். எனது வேலைக் காற்சட்டை, ஏப்ரன், மகளின் பாவாடை, மனுசியின் பிளவுஸ் எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் பிறக்கின்றன.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் வீட்டில் தைத்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நல்ல பருத்தித்துணி ஒரு மீற்றர் வாங்குகிற காசுக்குக் கடையில் ஒரு ரீசேட்டே வாங்கலாம். நூல், சிப், பட்டன் எல்லாம் தனிக்கணக்கு. அப்படியென்றால் ஏன் தைக்கவேண்டும்? உங்கள் உடம்புக்கு அளவான உடுப்பு கடையில் இல்லை என்பது ஒரு காரணம். ஒரு தையலின் பெறுமதி தைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். எங்கள் அம்மாவிடமும் ஒரு சிங்கர் கைமெசின் இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, சைக்கிள் கரியரில் எதைக் கட்டுவது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. அம்மா மெசினைச் சாக்கில் சுற்றிக் கட்டச் சொன்னா. "உடுப்பு இல்லாட்டி தைக்கலாம், மெசின் இல்லாட்டி என்ன செய்யிறது?" என்றா. தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டு விறாந்தையில் அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. உடுத்த உடுப்போடு வந்த சனத்துக்கு, பழைய சாறியில் பிள்ளைகளின் சட்டையும் கிழிந்த சறத்தில் தலையணை உறையும் தைத்துக் கொடுத்தா. யாழ் பல்கலைக்கழகத்தில் நான் பாதியில் விட்டுவந்த படிப்பு எனக்கு இங்கே ஒரு வேலையும் எடுத்துத் தரவில்லை. அம்மாவிடம் பார்த்துப் பழகின தையல் இன்னும் கையில் இருக்கிறது.

இங்கேயும் இதுதான் நடந்திருக்கிறது. எங்கள் ஆக்கள் நிறையப்பேர் குடியிருக்கிற ஹேர்னிங், ஈகாஸ்ட் பக்கம் முன்பு வெறும் புதர்க்காடும் மணல் மண்ணும். விளைச்சல் காணாத கமக்காரர் ஆட்டு மயிரில் காலுறை பின்னி, முதுகில் சுமந்து ஊர் ஊராய் விற்றார்கள். அதிலிருந்துதான் டென்மார்க்கின் நெசவு, பின்னல் தொழில் அங்கே வளர்ந்தது. பிறகு கூலி மலிவான நாடுகளைத் தேடித் தையல் போய்விட்டது. அபிராமி அம்மனைக் கும்பிட நாங்கள் போகிற அதே பிராண்டெயில்தான் வேரோ மோடா, ஜக் அன்ட் ஜோன்ஸ் உடுப்புகளின் சொந்தக்காரரான பெஸ்ட்செல்லர் கொம்பனியின் தலைமையகமும் இருக்கிறது. உடுப்புக்கு வடிவம் யோசிக்கிறது இங்கே, தைக்கிறது வேறெங்கோ.

அந்த வேறெங்கோவில் எங்கள் ஊரும் அடக்கம். கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் வந்தது. 2009க்குப் பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். ஒரு கொலரை நேராய் வைத்துத் தைக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்த பிறகு, ஐம்பது குரோனர் சேட்டைக் கையில் எடுக்கும்போது ஒரு கேள்வி வரும். அது வரவேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது?

புது மெசின் வேண்டாம். பழைய ஹுஸ்க்வர்னா, பிஃபாஃப், பெர்னினா இரும்பு மெசின்கள் இரண்டாங்கைக்கு மலிவாகக் கிடைக்கும். எண்ணெய் விட்டு, புது ஊசி போடுங்கள். நூல் அறுகிறது, தையல் தாண்டுகிறது என்ற முறைப்பாட்டில் பாதி மொட்டை ஊசியால் வருவது. முதல் வேலையாகக் காற்சட்டையின் கால் மடித்துத் தையுங்கள். அடுத்தது தலையணை உறை, பிறகு இலாஸ்ரிக் வைத்த பாவாடை. பிளவுஸ் அதற்குப் பிறகுதான்.

பருத்தித்துணியை வெட்ட முதல் கழுவிக் காயவிடுங்கள். சுருங்குகிறது அப்பவே சுருங்கட்டும். துணியின் கரைக்குச் சமாந்தரமாய் ஓடுவது பாவு நூல், அது இழுபடாது. குறுக்கே ஓடுவது ஊடை, கொஞ்சம் இழுபடும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாய் இழுபடும். சட்டையின் நீளத்தைப் பாவோடு வைத்து வெட்டவேண்டும், கழுத்துக்கு வைக்கிற பட்டியை மூலைவாட்டில் வெட்டவேண்டும். அப்பதான் வளைவில் சுருக்கம் விழாது.

பிளவுஸுக்கு நல்ல வழி, அளவாய் இருந்து நைந்துபோன ஒரு பழைய பிளவுஸின் தையலைப் பிரிப்பதுதான். துண்டுகளை அயன் பண்ணிப் பேப்பரில் வைத்துக் கீறுங்கள். சுற்றிவர ஒன்றரை சென்ரிமீற்றரும், பக்கத் தையலில் மூன்றும் விடுங்கள். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். மார்புக்குப் பிடிக்கிற டாட்டின் முனை, மார்பின் உச்சிக்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்னாலேயே முடியவேண்டும், இல்லாவிட்டால் கூராய்த் தெரியும். பட்டுத்துணியில் கத்தரி வைக்க முதல், இரண்டாங்கைக் கடையில் ஒரு பழைய படுக்கைவிரிப்பை வாங்கி அதில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அயன் பண்ணுங்கள். வீட்டில் தைத்தது வீட்டில் தைத்ததுபோலத் தெரிவது பெரும்பாலும் அயன் பண்ணாததால்தான். புர்டா சஞ்சிகையின் வெட்டுத்தாளைப் பாவிக்கிறவர்கள் கவனிக்கவும்: அந்தக் கோடுகளுக்கு வெளியே தையலுக்கான துணியை நீங்கள்தான் கூட்டி வெட்டவேண்டும்.

தனியே பழக விருப்பமில்லாதவர்களுக்கு ஏஓஎஃப், எஃப்ஓஎஃப் போன்ற மாலைப் பள்ளிகளில் தையல் வகுப்பு நடக்கிறது. மொழிப் பள்ளியில் வாய் திறக்கப் பயந்த எங்கள் அக்கா ஒருவர், தையல் வகுப்பில் டெனிஷ் மனுசிகளுக்குச் சாறி பிளவுஸ் வெட்டக் காட்டிக்கொடுத்து அந்த மொழியைப் பிடித்துக்கொண்டதை நேரில் பார்த்தேன். தெரிந்த வேலையைப் பற்றிக் கதைக்கும்போது இலக்கணப் பயம் வராது.

"அது பொம்பிளையளின்ர வேலை" என்கிற அண்ணைமாருக்கும் ஒரு சொல். ஊரில் எங்களுக்குக் காற்சட்டை தைத்த ரெயிலர் யார், ஆம்பிளை இல்லையா? டெனிஷ் பள்ளிக்கூடங்களில் 2014 சீர்திருத்தத்தோடு தையலையும் மரவேலையையும் ஒரே பாடமாக்கி, பெடியன்கள் பெட்டைகள் எல்லாருக்கும் படிப்பிக்கிறார்கள். மகன் ஊசியில் நூல் கோர்க்கப் பழகி வருகிறான். தகப்பனுக்கு மட்டும் என்ன வெட்கம்?

கடைசியாய் ஒன்று. போருக்குப் பிறகு கணவரை இழந்த பெண்களுக்குத் தையல் மெசின் கொடுக்கிறது எங்கள் சங்கங்களுக்குப் பழகிப்போன ஒரு உதவி. மெசின், மாலை, படம். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் பத்து மெசின் கொடுத்தால் அந்தப் பத்துப்பேருக்கும் தைக்கக் கொடுப்பது யார்? துணிக்குக் காசு எங்கே? இரண்டு பின்னேரம் இருந்து ஒரு பிளவுஸைத் தைத்து முடித்த ஆளுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். மெசினோடு ஓடரையும் அனுப்புவார், பேரம் பேசாமல் கூலியும் கொடுப்பார்.

2023 யூலையிலிருந்து இங்கே நகரசபைகள் பழைய துணிக்கழிவையும் தனியாகச் சேகரிக்கின்றன. அந்தப் பையைக் கட்டி வைக்க முதல் ஒருக்கால் கிண்டிப் பாருங்கள். பட்டன் விழுந்த சேட்டோ, கால் நீளமான காற்சட்டையோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தைக்க அரை மணித்தியாலம்கூட எடுக்காது.