கிணற்று மோட்டார் தெரிந்த கைகளுக்கு வாசல் கதவு தெரியாதா?

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலத்தை அடுத்த நைனார்பாளையத்தின் கொல்லைகளில் இன்று புதுமையே இல்லாத ஒரு பொருள் 'செல் ஸ்டார்ட்டர்'. மோட்டார் கொட்டகையில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் விவசாயி வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே போன் போடுகிறார், ஒரு எண்ணை அழுத்துகிறார், கிணற்று மோட்டார் ஓடுகிறது. இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது. பெட்டியைப் பொருத்துபவரும், ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் வந்து பார்ப்பவரும், பக்கத்து ஊர் வயரிங் கடைப் பையன்தான்.

அதே பையன் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனால் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் 'வாசல் போன்' என்ற வேறொரு பெட்டியைப் பார்ப்பான். வாசலில் நிற்பவர் வீட்டு எண்ணை அழுத்துகிறார். மேலே, எட்டாவது மாடியில் இருப்பவரின் போன் அடிக்கிறது. யாரென்று கேட்டுவிட்டு அவர் ஓர் எண்ணை அழுத்த, கீழே கதவு திறக்கிறது. கிணற்றில் மோட்டார், இங்கே பூட்டு. நடுவில் நடக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் கிணற்று வேலை தெரிந்தவனை இந்த வாசல் வேலைக்கு யாரும் தொழிலாளி என்று ஏற்பதில்லை. பெட்டி விற்கும் டீலரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, சுவரில் துளை போட்டு, ஏணி பிடித்து, பல மாதம் எடுபிடி வேலை பார்த்த பிறகே பெட்டியைத் திறந்து பார்க்க விடுவார்கள்.

போனில் நாம் அழுத்தும் ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஒலிகளின் கலவை. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த முறை இது. 9-ஐ அழுத்தினால் 852 ஹெர்ட்ஸ், 1477 ஹெர்ட்ஸ் என்ற இரு ஒலிகள் சேர்ந்து போகின்றன. மறுமுனையில் உள்ள ஒரு சில்லு அவற்றைப் பிரித்தறிந்து ரிலேயைத் தட்டுகிறது. இவ்வளவையும் ஒரு மதியத்தில் விளக்கிவிடலாம். கற்க வேண்டிய கனமான பகுதி அதற்கு அப்பால் இருக்கிறது. அதுதான் இப்போது பெரும்பாலும் முறையாகக் கற்பிக்கப்படாமல் கிடக்கிறது.

ஓர் உதாரணம். கதவை இழுத்துப் பிடிக்கும் காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். பவர் சப்ளை காவலாளி அறையில், பூட்டு 60 மீட்டர் தள்ளி. விலை குறைவு என்று அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்தால், போக வர 120 மீட்டர். கம்பியின் தடை 4 ஓமைத் தாண்டும். ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், பூட்டுக்குக் கிடைப்பது சுமார் 10 வோல்ட். கதவு மூடியதாகவே தெரியும், ஆனால் பிடி தளர்ந்திருக்கும்; தோளால் பலமாக முட்டினால் திறந்துவிடக்கூடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்கும் கீழே. இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பு அறிவியலில் வருகிற ஓம் விதிதான். அதைக் கதவோடு சேர்த்துக் காட்டுகிற ஆசிரியர் இல்லை, அவ்வளவுதான் குறை.

பூட்டின் முனைகளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு போட வேண்டும். அதைப் போடாவிட்டால் ஒவ்வொரு முறை பூட்டு விடுபடும்போதும் காந்தச் சுருள் உதறும் மின்னழுத்தம் ரிலேயின் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கிவிடும். சில ரூபாய்கூடப் பெறாத பொருள். அது இல்லாததால் பெட்டியையே மாற்றச் சொல்லும் வேலைகள் எத்தனையோ நடக்கின்றன.

சிம் கார்டும் அப்படித்தான். மலிவான பெட்டிகள் பல 2ஜி அலைவரிசையில் மட்டுமே வேலை செய்கின்றன. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. எந்தப் பெட்டிக்கு எந்த சிம் என்று தெரியாமல் பொருத்தினால் முதல் நாளே கதவு ஊமையாகிவிடும். ரீசார்ஜ் செய்ய மறந்தாலும் அதே கதிதான். மிஸ்டு கால் கொடுத்தாலே திறக்கும் பெட்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். அழைக்கும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வாடகைக்கு இருந்தவர் காலி செய்த பிறகும் அவர் எண் பட்டியலில் இருந்தால் வாசல் அவருக்குத் திறந்தே இருக்கிறது என்று பொருள். தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய மாஸ்டர் எண்ணை மாற்றாமலே விட்டுப் போகிற பொருத்துநர், வீட்டுக்காரரின் சாவியைத் தெருவில் விட்டுப் போகிறார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தீ. காந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் விடுபடும் வகை. அதனால் மின்வெட்டில் கதவு திறந்து கிடக்காமலிருக்க பேட்டரி வைக்கிறோம். அதே பேட்டரி, தீ பிடித்து மெயின் மின்சாரம் போன பிறகும் கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தீ எச்சரிக்கைக் கருவி ஒலித்த கணமே பூட்டுக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேற அழுத்தும் பொத்தானும் பூட்டின் மின்னோட்டத்தை நேரடியாகத் துண்டிக்கும்படி இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை நம்பி அதை விடக்கூடாது. தானாக நகரும் இரும்புக் கேட்டும் இப்படித்தான். எங்கோ இருப்பவர் போனில் திறந்து மூடும்போது கேட்டின் பாதையில் குழந்தை நிற்பது அவருக்குத் தெரியாது. குறுக்கே யாராவது வந்தால் கேட்டை நிறுத்தும் ஒளிக்கதிர் உணரி இல்லாமல் அதைப் பொருத்தவே கூடாது. அமெரிக்காவில் யு.எல். 325 என்ற தரநிலை, கேட்டில் ஆள் சிக்காதிருக்கும் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இவ்வளவு பொறுப்புள்ள வேலையை நாம் யாரிடம் விட்டிருக்கிறோம்? வீட்டு வயரிங் வேலைக்காவது ஒரு வழி இருக்கிறது. தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயது நிறைவும் இருந்தால் போதும், வயதுக்கு உச்சவரம்பு இல்லை. உழைத்துக் கற்றவனுக்கு அரசு முத்திரை கொடுக்கும் அருமையான ஏற்பாடு அது. 12 வோல்ட் வேலைக்கு அப்படி ஒன்று வேண்டாம் என்று இதுவரை இருந்துவிட்டோம். 12 வோல்ட் ஆளைக் கொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அது பிடித்திருக்கும் கதவு கொல்லும்.

அரசு தொழிற்பயிற்சியில் பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜிஸுடன் 2022-இல் ஒப்பந்தம் செய்து, ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தியது. ரோபோவும் மின்வாகனமும் அங்கே வந்துவிட்டன. வரவேற்கிறேன். ஆனால் ரோபோ படித்த பையன் ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ போயாக வேண்டும். வாசல் போன் படித்தவனுக்கு கள்ளக்குறிச்சியிலும் ஆத்தூரிலும்கூட வேலை உண்டு. மில், மருத்துவமனை, பள்ளி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க முதியோர் தனியே வாழும் வீடு என எல்லா இடத்திலும் கேட் இருக்கிறது.

செயலிகள் வந்துவிட்டனவே, இனி கம்பி எதற்கு என்று கேட்கலாம். மைகேட் போன்றவை பெருநகர அடுக்குமாடிகளில் காவலாளியின் கைப்பேசியிலேயே வேலையை முடித்துவிடுகின்றன. காவலாளி வைக்க வசதியில்லாத ஆறு வீட்டுக் குடியிருப்புக்கு அது உதவாது. செயலி வந்தாலும் பூட்டு, கம்பி, பேட்டரி, வெளியேறும் பொத்தான் இவை எங்கும் போய்விடுவதில்லை.

இந்த மாவட்டத்துக்குக் கைத்தொழில் ஏன் அவசரம் என்பதற்கும் காரணம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இம்மாவட்டத்தின் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவம் என்று பேச்சு நடந்தது, நடக்கவும் வேண்டும். அதோடு, தோட்ட வேலைக்கும் மரம் வெட்டவும் மலையிறங்கிப் போகும் இளைஞன் கையில் என்ன தொழில் இருக்கிறது என்பதும் பேசப்பட வேண்டும்.

கேட்பது பெரிதல்ல. மாவட்டத்தின் ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் மூன்று மாதக் குறும்படிப்பு. ஒரு சுவர், அதில் உண்மையான கதவு, பூட்டு, பேட்டரி, தீ எச்சரிக்கைக் கருவி. வெளியே ஒரு சிறு நகரும் கேட். தமிழில் ஒரு கையேடு. தேர்வில் கேள்வித்தாளுக்குப் பதில், வேண்டுமென்றே கெடுத்துவைத்த இணைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். செல் ஸ்டார்ட்டர் வேலையில் ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள், மின்கம்பியாள் உதவியாளர்களைப் போல, நேரடியாகத் தேர்வில் பங்கேற்க அனுமதி வேண்டும். பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். தனியே இருக்கும் பெண்களின் வீடுகளில் இந்த வேலையைப் பெண்களே செய்வது இருதரப்புக்கும் நல்லது. காந்தப் பூட்டு வைத்த கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தருமுன், தீ எச்சரிக்கையில் அந்தப் பூட்டு விடுபடுகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்க்க உத்தரவிட வேண்டும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைக் கள்ளக்குறிச்சியில் தொடங்க வேண்டும்.