முதலில் பிரேக், அப்புறம் டர்போ

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், பழைய செவர்லே எஸ்-10 பிக்கப் ஒன்றை வாங்கி ஜிஎம்சி சைக்ளோன் மாதிரி மாற்றப் போகிறானாம். 1991-இல் வந்த அசல் வண்டி, 4.3 லிட்டர் வி6 எஞ்சினில் டர்போ பூட்டி 280 குதிரைத்திறன் தந்தது. சுமையோ ஏறக்குறைய 225 கிலோதான். நாலு மூட்டை நெல் தாங்காது! மூவாயிரத்துக்கும் குறைவாகவே செய்ததால் இன்று விலை எட்டாது. 4.3 எஞ்சின் எஸ்-10-இலும் வந்ததால் நகல் கட்டுப்படியாகும் என்கிறான்.

செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். டர்போவுக்கும் கறுப்புப் பெயிண்டுக்கும் பணம் இருக்கு. பிரேக்குக்கு ஒரு டாலர்கூட இல்லை. அசலில் நாலு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு. கிணறு வெட்டக் கடன் வாங்கி, மோட்டாருக்குக் காசில்லாமல் நின்றவர்களை வங்கியில் நிறையப் பார்த்தவன் நான். பழைய டிராக்டர் வாங்குறவங்களுக்குச் சொல்றதையே அவனுக்கும் சொன்னேன்: "தம்பி, நிக்கிறதுக்கு முதல்ல பணம் எடுத்து வை. பெயிண்ட் அடுத்த வருஷம் அடிச்சுக்கலாம்."