தொழிலாளி தப்புக்குப் புள்ளி, முதலாளி தப்புக்கு?

காலை ஏழு மணிக்குச் சாத்தூர்-சிவகாசி ரோட்டில் நின்று பாருங்கள். பழைய மொபெட்டில் புருஷன், பின்னால் பெண்டாட்டி, கையில் சோற்றுத் தூக்கு. பட்டாசு ஆலைக்குப் போகிறார்கள். ராஜபாளையம் பக்கம் போனால், நைட் ஷிப்ட் முடிந்த மில் தொழிலாளி சொருகும் கண்களோடு வண்டி ஓட்டி வருகிறார்.

ஹெல்மெட் இல்லையா? எடு ஆயிரம் ரூபாய்! 2019-ல் மத்திய சர்க்கார் திருத்திய சட்டப்படி, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் வந்த அபராதம் இது. முன்பு நூறு ரூபாய்தான். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000; மறுபடி பிடிபட்டால் 4,000.

இதோடு விட்டார்களா? இல்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் ஒரு குழுவைப் போட்டது. 2021 ஜனவரியில் அது சிபாரிசு செய்தது: குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, கண்ட இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி, புள்ளி ஏற ஏற பிரிமியமும் ஏறும். 2024 செப்டம்பரில் டில்லி துணைநிலை ஆளுநர் சக்சேனாவும் இதே யோசனையை நிதியமைச்சருக்கு எழுதினார்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அவன் சக்கரத்தில் சிக்குவது நடந்தும் சைக்கிளிலும் போகிற நம்மவர்தான். நாம் கேட்பது வேறு: தப்புக்குத் தண்டனை உண்டென்றால், ஒழுங்குக்குச் சலுகை எங்கே?

காருக்கு முழு இன்ஷூரன்ஸ் எடுக்கும் கனவான் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால், சொந்த சேதப் பகுதியில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை கழிவு. நம் தொழிலாளி எடுப்பதோ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 2022 ஜூனில் விதித்தது 714 ரூபாய். பத்து வருஷம் ஒரு அபராதமும் இல்லாமல் ஓட்டினாலும் அதில் காலணா குறையாது!

அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். பார்ப்போமே. அங்கே கலிபோர்னியா மக்கள் 1988-ல் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஓட்டுகிறவரின் நடத்தைதான் முதல் அளவுகோல். நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதம் கழிவு. கம்பெனி கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் முன் அனுமதி. இந்தப் பாதியை நம் கனவான்கள் ஏன் சொல்வதில்லை?

பிரிமியம் ஏறினால் என்ன ஆகும்? கூலிக்காரன் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விடுவான். அந்த வண்டி மோதிச் செத்தவன் இன்னொரு கூலிக்காரனாக இருப்பான். நஷ்ட ஈடு தர கம்பெனி இருக்காது. அவன் குடும்பம் தெருவில் நிற்கும். ஆகவே தோழர்களே, கஷ்டத்திலும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் குழுவின் சிபாரிசுப்படி, கூடுதல் பிரிமியம் வண்டியின் சொந்தக்காரர் பேரில் விழும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றும் ஆலை வேனை நினையுங்கள். அளவுக்கு மேல் ஏற்றச் சொல்வதும் ஆலை திறப்பதற்குள் வந்து சேர் என்று விரட்டுவதும் முதலாளி. புள்ளி விழுந்ததும் அவர் கை வைக்கப்போவது டிரைவர் சம்பளத்தில்!

இந்த வட்டாரத்துக்கு இது புதுக்கதை அல்ல. தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைத் தொழிலாளரை ஏற்றிப்போன பஸ் 1976-ல் விபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டார்கள். ஹர்பன்ஸ் சிங் கமிட்டி அதன் பிறகுதான் வந்தது. அந்தச் சாவுகளை எந்தப் புள்ளிக் கணக்கில் எழுதினார்கள்?

ரோட்டுக் குழிக்கும் கணக்கு உண்டு. மோசமாக ரோடு போட்டு அதனால் உயிர் போனால், காண்டிராக்டருக்கு அந்த 2019 சட்டத்தின்படி அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம். அவருக்குப் புள்ளியும் இல்லை, பிரிமியமும் இல்லை!

நாம் கேட்கிறோம்: அபராதமில்லாமல் ஓட்டும் தொழிலாளிக்கு மூன்றாம் நபர் பிரிமியத்தில் கழிவு கொடு. ஆலை வேனின் அபராதத்தையும் கூடுதல் பிரிமியத்தையும் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கத் தடை போடு. ஷிப்ட் நேரத்துக்குக் கிராமங்களுக்கு அரசு பஸ் விடு. அப்புறம் புள்ளி போட வா.